காற்றைச் சுமக்கும் குருதி: இப்னு நஃபீஸ் முதல் ஹீமோகுளோபின் வரை

மனிதன் உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் உயிர்வாழ இயலும். காற்றின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் அவனால் தாக்குப்பிடிக்க இயலாது. உணவைச் சர்க்கரையாகவும் கொழுப்பாகவும் சேமித்து வைக்கத் தெரிந்த உடலிடம், காற்றைச் சேமித்து வைப்பதற்குரிய பெருங்களஞ்சியம் எதுவும் இல்லை என்பதே இதற்குக் காரணமாகும். ஒவ்வொரு மூச்சிலும் வந்து சேர்வதை அவ்வப்போதே பங்கிட்டு முடித்தாக வேண்டும். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பரந்து கிடக்கும் கோடானுகோடி உயிரணுக்களுக்கு அப்பங்கீட்டைச் செய்யும் பொறுப்பு குருதியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

இப்பொறுப்பைக் குருதி எவ்வாறு நிறைவேற்றுகிறது என்னும் கேள்விக்குள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. குருதியும் காற்றும் உடலில் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பது முதல் வினா. அச்சந்திப்பில் குருதி காற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது, எடுத்ததை உரிய இடத்தில் எப்படி இறக்கி வைக்கிறது என்பது இரண்டாவது வினா. நமக்குக் கிடைத்துள்ள நூல்களைக் கொண்டு பார்த்தால், முதல் வினாவுக்குச் சரியான விடையை முதன்முதலில் எழுதி வைத்தவர் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ஷாஃபிஈ மார்க்கச் சட்ட அறிஞர். இரண்டாவது வினாவுக்கு முழுமையான விடை கிடைக்க 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேடைகளிலும் சிறு நூல்களிலும் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதை நாம் காண்கிறோம். ஓர் அறிஞருக்கு உரியதைக் குறைவின்றி அளிப்பதும், உரியதல்லாததை அவர் மீது ஏற்றாதிருப்பதுமே அவருக்குச் செய்யும் மரியாதை. அந்த நோக்கில் இவ்விரு வினாக்களையும் வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

ஜாலீனூஸ் வகுத்த வழி

அரபு மருத்துவ நூல்களில் ஜாலீனூஸ் என வழங்கப்படும் கிரேக்க மருத்துவர் கேலன், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். உண்ட உணவு கல்லீரலில் குருதியாக மாறுகிறது. அங்கிருந்து சிரைகளின் வழியே உடலெங்கும் சென்று உறுப்புகளால் உட்கொள்ளப்பட்டுத் தீர்ந்துவிடுகிறது என்பது அவருடைய கொள்கை. குருதியின் ஒரு பகுதி இதயத்தின் வலப்புறத்தை அடைகிறது. அங்கிருந்து, வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் பிரிக்கும் தடித்த இடைச்சுவரில் உள்ள கண்ணுக்குப் புலப்படாத துளைகளின் வழியே இடப்பக்கத்துக்குக் கசிகிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்றின் சாரத்துடன் அங்கே கலந்து உயிர்ச்சக்தி உருவாகிறது. இதுவே அவர் வரைந்து காட்டிய சித்திரம்.

இச்சித்திரம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அசைக்க முடியாத அதிகாரம் பெற்றிருந்தது. இப்னு ஸீனா அவர்களின் புகழ்பெற்ற 'அல்-கானூன் ஃபித் திப்பு' நூலும் இதயத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றியது. அத்துளைகளை எவரும் கண்டதில்லை. ஆயினும் துளைகள் இல்லையென்றால் குருதி எப்படி இடப்பக்கத்தை அடைகிறது என்பதற்கு மாற்று விளக்கம் எவரிடமும் இல்லாததால், காணாத துளைகள் இருப்பதாகவே கொள்ளப்பட்டன.

ஒரு விரிவுரையாளரின் மறுப்பு

அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ அல்-கர்ஷீ என்னும் இப்னு நஃபீஸ் அவர்கள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிஷ்க் பகுதியில் பிறந்தார்கள். நூருத்தீன் ஸங்கீ நிறுவிய நூரீ மருத்துவமனையில், முஹத்தபுத்தீன் அத்தக்வார் அவர்களிடம் மருத்துவம் பயின்றார்கள். பின்னர் கெய்ரோ சென்று மருத்துவத்தில் தலைமை நிலையை எய்தினார்கள். அங்கே மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு கற்பித்தவர்களும் அவர்களே. ஹதீஸ் கலையின் அடிப்படைகள் குறித்தும் நூல் எழுதியுள்ளார்கள். 1288இல் கெய்ரோவில் மறைந்தபோது தம் இல்லத்தையும் நூலகத்தையும் மன்ஸூரீ மருத்துவமனைக்கு விட்டுச் சென்றார்கள்.

இப்னு ஸீனாவின் கானூனில் உடற்கூறு பற்றி வரும் பகுதிகளைத் திரட்டி, 1242 வாக்கில், முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், அவர்கள் எழுதிய விரிவுரையே 'ஷரஹு தஷ்ரீஹில் கானூன்'. ஷரஹு எழுதுபவர் மூலநூலின் கருத்தை விளக்குவதோடு நிறுத்திக்கொள்வார் என்று நாம் எண்ணிவிடலாகாது. மூலத்தை மறுக்க வேண்டிய இடத்தில் மறுப்பதும் ஷரஹின் மரபே. இதயம் பற்றிய இடத்தில் இப்னு நஃபீஸ் அவர்கள் அம்மரபை முழு உறுதியோடு கையாளுகிறார்கள்.

இதயத்தின் இடைச்சுவர் தடித்தது, இறுக்கமானது. சிலர் நினைப்பது போன்ற வெளிப்படையான வழியோ, ஜாலீனூஸ் கூறும் மறைவான துளைகளோ அதில் இல்லை என்று அவர்கள் எழுதுகிறார்கள். அவ்வாறாயின் குருதி வேறொரு பாதையில்தான் இடப்பக்கத்தை அடைந்தாக வேண்டும். வலப்பக்கக் கீழறையிலிருந்து குருதி 'அல்-வரீதுஷ் ஷிர்யானீ' வழியாக நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே அதன் உட்பகுதியில் பரவிக் காற்றுடன் கலக்கிறது. பின்னர் 'அஷ்-ஷிர்யானுல் வரீதீ' வழியாக இதயத்தின் இடப்பக்கத்தை வந்தடைகிறது. இன்றைய வழக்கில் முதலாவது நுரையீரல் தமனி. இரண்டாவது நுரையீரல் சிரை. இவ்விரு குழாய்களுக்கும் இடையே 'மனாஃபித்', அதாவது கடந்து செல்லும் வழிகள், இருக்கின்றன என்பதையும் அவர்கள் குறிப்பிடத் தவறவில்லை.

மார்க்கத்தின் தடையும் தம் இயல்பில் உள்ள இரக்கமும் உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுத்துவிட்டன என்று அந்நூலின் முன்னுரையில் அவர்களே கூறுகிறார்கள். முன்னோர் எழுதிய உடற்கூறு விவரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முரண்பட்டவற்றைத் தள்ளி, தர்க்கத்தின் வழியே இம்முடிவை அடைந்தார்கள் என்பது ஒரு சாராரின் கருத்து. உறுப்புகளை ஏதோ ஒரு வகையில் நேரில் ஆராயாமல் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க இயலாது என்பது மற்றொரு சாராரின் கருத்து. எது எப்படியாயினும் விடை சரியானது.

கண்டதும் காணாததும்

இவ்விடத்தில்தான் நிதானம் தேவைப்படுகிறது. குருதி உடலெங்கும் சுற்றி மீண்டும் இதயத்துக்கே திரும்புகிறது என்னும் முழுச் சுழற்சியை இப்னு நஃபீஸ் அவர்கள் கூறவில்லை. வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாக இடப்பக்கத்தை அடையும் சிறு பாதையை மட்டுமே கூறினார்கள். உறுப்புகளுக்கு உணவூட்டும் குருதி கல்லீரலிலிருந்து புறப்படுகிறது என்னும் பழைய கொள்கை அவர்களிடமும் இருந்தது.

நுரையீரலில் குருதி காற்றோடு கலப்பதன் நோக்கம் 'ரூஹ்' உருவாவதே என்றும் அவர்கள் கருதினார்கள். இச்சொல்லைக் கண்டு வாசகர் குழம்ப வேண்டியதில்லை. அக்கால மருத்துவர்கள் இச்சொல்லால் குறித்தது நுண்மையான ஆவி போன்ற ஒரு பருப்பொருளையே. வேத வழக்கில் நாம் அறிந்துள்ள ஆன்மாவை அன்று. எனினும் அந்த 'ரூஹ்' ஆக்சிஜன் ஆகிவிடாது. காற்று ஒரே பொருளன்று, பல வாயுக்களின் கலவை என்பதே அன்று எவருக்கும் தெரியாது.

இந்த விரிவுரை நெடுங்காலம் பரவலாக அறியப்படாமல் கிடந்தது. 1924இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்தத்தாவீ, பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியைக் கண்டு இதனை உலகறியச் செய்தார். ஐரோப்பாவில் மிகுவேல் செர்வெட்டஸ் 1553இலும், ரியால்டோ கொலம்போ 1559இலும் இதே நுரையீரல் பாதையை எழுதியிருந்தனர். இப்னு நஃபீஸ் அவர்களின் வேறொரு பகுதி 1547இல் வெனிஸ் நகரில் லத்தீனில் வெளிவந்திருந்ததால், அக்கருத்து அங்கிருந்தே அவர்களுக்குச் சென்றிருக்கலாம் என்பர் சிலர். அதற்கு நேரடிச் சான்று கிடைக்கவில்லை. சான்றில்லாத இடத்தில் 'இருக்கலாம்' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்வதே ஆய்வு ஒழுக்கம்.

சுழற்சியும் காற்றும்

முழுச் சுழற்சியை நிறுவியவர் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி. 1628இல் வெளியான நூலில் அவர் ஓர் எளிய கணக்கைப் போட்டார். ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், அரைமணி நேரத்தில் வெளியேறுவது உடலிலுள்ள மொத்தக் குருதியையும் மிஞ்சிவிடுகிறது. உண்ணும் உணவிலிருந்து அவ்வளவு குருதி புதிதாக உருவாக வழியே இல்லை. ஆகவே அதே குருதிதான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. ஆயினும் தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எவ்வாறு மாறுகிறது என்பதை ஹார்வியால் காட்ட இயலவில்லை. இத்தாலியரான மார்செல்லோ மால்பிஜி 1661இல் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவ்விரண்டையும் இணைக்கும் தந்துகிகள் என்னும் நுண்குழாய்களைக் கண்டார். 'மனாஃபித்' என்று இப்னு நஃபீஸ் அவர்கள் எழுதிய வழிகள் கண்ணுக்குப் புலப்பட நானூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயின.

அடுத்தது காற்றின் பங்கு. 1669இல் ரிச்சர்ட் லோவர், கருஞ்சிவப்பான சிரைக் குருதி நுரையீரலில் காற்றைச் சந்தித்த பின்னரே ஒளிர் சிவப்பாக மாறுகிறது என்று சோதனைகள் மூலம் காட்டினார். சிரைக் குருதியைக் காற்றுடன் குலுக்கினாலே அந்நிற மாற்றம் நிகழ்கிறது என்பதையும் அவர் கண்டார். அந்நிறத்தை மாற்றும் வாயு எது என்பது ஒரு நூற்றாண்டு கழித்தே தெரிந்தது. 1770களில் ஷீலேயும் பிரிஸ்ட்லியும் அவ்வாயுவைப் பிரித்தெடுத்தனர். லவாய்சியர் அதற்கு ஆக்சிஜன் எனப் பெயரிட்டு, மூச்சு என்பது ஒரு வகையான மெதுவான எரிதலே என விளக்கினார். 1837இல் குஸ்தாவ் மாக்னஸ் குருதியிலிருந்து வாயுக்களைப் பிரித்து, தமனிக் குருதியில் ஆக்சிஜன் மிகுதியாகவும் சிரைக் குருதியில் குறைவாகவும் இருப்பதை அளந்து காட்டினார்.

நீர் மட்டும் போதாது

ஆக்சிஜன் குருதியில் கரைந்து செல்கிறது என்று சொல்லிவிட்டால் போதாதா? போதாது. அதன் காரணம் ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது. குருதியின் நீர்ப்பகுதியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 3 மில்லிலிட்டர் ஆக்சிஜன் மட்டுமே கரையும். ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. கரைந்த ஆக்சிஜனை மட்டும் நம்பியிருந்தால், நிமிடத்துக்கு 5 லிட்டர் குருதியை இறைக்கும் நம் இதயம், அமர்ந்திருக்கும் நிலையிலேயே 80 லிட்டருக்கும் மேல் இறைக்க வேண்டியிருக்கும்.

அண்டார்க்டிக் கடலில் வாழும் பனிமீன்கள் இதற்கு ஒரு விதிவிலக்கு. அவற்றின் குருதியில் சிவப்பு நிறமே இல்லை. உறைநிலைக்கு அருகிலுள்ள நீரில் ஆக்சிஜன் மிகுதியாகக் கரையும் என்பதாலும், உடல் மெதுவாக இயங்குவதாலும், பெரிய இதயத்தைக் கொண்டு ஏராளமான குருதியை இறைப்பதாலும் அவை பிழைத்துக்கொள்கின்றன. வெப்பக்குருதி கொண்ட மனிதனுக்கு அவ்வழி அடைபட்டது.

நமக்கு அளிக்கப்பட்டுள்ள வழி ஹீமோகுளோபின். 1864இல் ஹோப்பே ஸைலர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இப்பெயரை இட்டார். நான்கு புரத இழைகள் ஒன்றாகப் பின்னிய உருண்டை போன்றது இம்மூலக்கூறு. ஒவ்வோர் இழையின் மடிப்புக்குள்ளும் ஹீம் என்னும் தட்டும், அதன் நடுவே ஓர் இரும்பு அணுவும் உள்ளன. ஓர் இரும்பு அணு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பற்றும். ஆகவே ஒரு ஹீமோகுளோபினில் நான்கு இருக்கைகள் இருக்கின்றன என்று கொள்ளலாம். இதன் துணையால் ஒரு லிட்டர் குருதி சுமக்கும் ஆக்சிஜன் 3 மில்லிலிட்டரிலிருந்து சுமார் 200 மில்லிலிட்டராக உயர்ந்துவிடுகிறது.

வெளியே கிடக்கும் இரும்பு ஈரக்காற்றில் ஆக்சிஜனைப் பற்றினால் துருவாகிவிடும். பற்றியதை எளிதில் விடாது. புரத மடிப்புக்குள் பாதுகாக்கப்பட்ட இரும்போ துருப்பிடிக்காமல் ஆக்சிஜனைப் பற்றுகிறது. பற்றியவாறே விடவும் செய்கிறது. ஒளிர் சிவப்புக்கும் கருஞ்சிவப்புக்கும் இடையிலான நிற மாற்றம் இப்பிணைப்பின் அடையாளமே.

இந்த ஹீமோகுளோபின் சிவப்பணுக்களுக்குள் அடைக்கப்பட்டுள்ளது. ஒரு மனிதரின் உடலில் சுமார் 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள் உள்ளன. ஒரு சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு வினாடியும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய சிவப்பணுக்களை உருவாக்குகிறது. ஒவ்வொன்றும் சுமார் 120 நாட்கள் உழைத்து ஓய்கிறது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் உள்ளுறுப்புகளும் இல்லை. தனக்கு வேண்டிய சிறிதளவு ஆற்றலை ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையிலிருந்து பெற்றுக்கொள்கிறது. கோடிக்கணக்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமந்து திரிந்தும், அமானிதப் பொருளில் கைவைக்காத காப்பாளரைப் போல், அவற்றில் ஒன்றையும் அது தனக்கெனச் செலவிடுவதில்லை.

பற்றுவதும் விடுவதும்

ஒரு சுமையை இறுகப் பற்றிக்கொள்வது கடினமன்று. உரிய இடம் வரை பற்றியிருந்து, உரிய இடத்தில் விட்டுவிடுவதே கடினம். ஹீமோகுளோபினின் சிறப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றை விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். அந்நுண்ணறைகளிலுள்ள காற்றையும் தந்துகியிலுள்ள குருதியையும் பிரிக்கும் படலம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. ஒரு சிவப்பணு அத்தந்துகியைக் கடந்து செல்ல ஏறத்தாழ முக்கால் வினாடி ஆகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திற்குள்ளாகவே ஆக்சிஜன் இருக்கைகள் ஏறத்தாழ நிரம்பிவிடுகின்றன. குருதி நுரையீரலை விட்டுப் புறப்படும்போது அவற்றில் 97 அல்லது 98 விழுக்காடு நிரம்பியிருக்கும்.

இருக்கைகள் நிரம்பும் விதமும் கவனிக்கத்தக்கது. நெருக்கமாக அமர்ந்திருக்கும் சபையில் ஒருவர் சற்று நகர்ந்து இடமளித்தால், அவரைப் பார்த்து அடுத்தவரும் நகர்ந்துகொள்வார். ஹீமோகுளோபினிலும் அவ்வாறே, முதல் ஆக்சிஜன் வந்து அமர்ந்ததும் மூலக்கூறின் வடிவம் சற்று மாறி, அடுத்தடுத்து வருபவை எளிதில் அமர வழிபிறக்கிறது. இறங்கும்போதும் இதே கதைதான். ஒன்று இறங்கிவிட்டால் மற்றவற்றின் பிடியும் தளரும். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய மாக்ஸ் பெரூட்ஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து 1959இல் இம்மூலக்கூறின் வடிவத்தைக் கண்டறிந்தார். 1962இல் ஜான் கென்ட்ரூவுடன் சேர்ந்து வேதியியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். வடிவம் தெரிந்த பின்னரே இவ்விட்டுக்கொடுத்தலின் இரகசியமும் துலங்கியது.

எந்த இடத்தில் இறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது? உழைக்கும் தசையில் ஆக்சிஜன் விரைவாகச் செலவாவதால் அங்கே அதன் அளவு குறைந்திருக்கும். கரியமில வாயு மிகுந்திருக்கும், அதனால் அமிலத்தன்மை கூடியிருக்கும், வெப்பமும் ஏறியிருக்கும். இவை அனைத்துமே ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துபவை. கரியமில வாயுவின் இவ்விளைவை டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் போர் 1904இல் தம் சகாக்களுடன் வெளியிட்டார். கேட்பவர் குரல் எழுப்ப வேண்டியதில்லை. தேவை மிகுந்த இடத்தில் பிடி தானே தளர்கிறது. ஓய்வு நிலையில் குருதி தான் சுமந்ததில் கால்பங்கை மட்டுமே இறக்கிவிட்டு, முக்கால் பங்கோடு இதயத்துக்குத் திரும்புகிறது. ஓட வேண்டிய, உழைக்க வேண்டிய வேளைக்கு அது கையிருப்பு.

திரும்பும் பயணத்திலும் குருதி வெறுங்கையோடு வருவதில்லை. உயிரணுக்கள் வெளியேற்றும் கரியமில வாயுவின் பெரும்பகுதி, சிவப்பணுவிலுள்ள ஒரு நொதியின் துணையால் பைகார்பனேட்டாக மாறிக் குருதியின் நீரில் கரைந்து நுரையீரலுக்கு வந்து சேர்கிறது. அங்கே ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றும்போது கரியமில வாயு வெளியேறுவதும் எளிதாகிறது. இரு வேலைகளும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன.

தாயின் வயிற்றிலுள்ள சிசுவின் நிலை வேறு. அதன் நுரையீரல் இன்னும் காற்றைக் காணவில்லை. ஆகவே தாயின் குருதியிலிருந்தே ஆக்சிஜனைப் பெற வேண்டும். அதற்கென அச்சிசுவின் ஹீமோகுளோபின் தாயினுடையதைவிடச் சற்று உறுதியாக ஆக்சிஜனைப் பற்றும் வகையில் அமைந்துள்ளது. அதன் இதயத்தில் மேலறைகளுக்கிடையே ஒரு திறப்பும் இருக்கிறது. அதன் வழியாகக் குருதியின் ஒரு பகுதி நுரையீரலுக்குச் செல்லாமலேயே இடப்பக்கத்தை அடைகிறது. பிறந்து முதல் மூச்சு எடுத்த பின் பெரும்பாலோருக்கு அது மூடிக்கொள்கிறது. கீழறைகளுக்கிடையே துளை இல்லை என்ற இப்னு நஃபீஸ் அவர்களின் கூற்று இதனால் பாதிக்கப்படுவதில்லை.

விரல் நுனியில் ஓர் எண்

2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனா காலத்தில் விரலில் மாட்டும் சிறு கருவி நம் வீடுகளுக்குள் நுழைந்தது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அஒயாகி 1970களில் கண்டறிந்த தத்துவத்தில் இயங்குவது அது. ஆக்சிஜனைப் பற்றிய ஹீமோகுளோபினும் பற்றாத ஹீமோகுளோபினும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அவ்வேறுபாட்டிலிருந்து கருவி ஒரு விழுக்காட்டைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. லோவர் கண்ட நிற மாற்றமே இங்கு எண்ணாக மாறியிருக்கிறது.

98 என்ற எண்ணைக் கண்டதும் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது? இருக்கும் இருக்கைகளில் எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது என்பதை மட்டுமே சொல்கிறது. மொத்தம் எத்தனை இருக்கைகள் உள்ளன என்பதை அது சொல்வதில்லை. 14 கிராம் ஹீமோகுளோபின் உள்ளவருக்கும் 7 கிராம் உள்ளவருக்கும் கருவி ஒரே 98ஐக் காட்டலாம். இரண்டாமவரின் குருதி சுமப்பதோ முதலாமவரின் குருதி சுமப்பதில் பாதிதான். பாதிப் பேருந்துகளே ஓடும் ஊரில், ஓடும் பேருந்துகள் அனைத்தும் நிரம்பியிருப்பதைக் கண்டு போக்குவரத்து சீராக உள்ளது என்று முடிவு செய்வதற்கு ஒப்பானது இது.

கார்பன் மோனாக்சைடு வாயுவும் இவ்வாறே ஏமாற்றவல்லது. மூடிய அறையில் எரியும் கரியடுப்பிலிருந்தும் ஜெனரேட்டர் புகையிலிருந்தும் வெளிப்படும் இவ்வாயு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான உறுதியுடன் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. நிறமும் மணமும் அற்றது. சாதாரண விரல் கருவி இதை ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். அடைத்த அறையில் கரி மூட்டி உறங்கலாகாது என்பதற்குரிய காரணம் இதுவே.

கார்பன் மோனாக்சைடு விபத்து எப்போதாவது நிகழ்வது. குருதிச்சோகையோ நம் இல்லங்களில் அன்றாடம் இருப்பது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் களைப்பு, எதிலும் மனம் ஒன்றவில்லை என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லும்போது, அதை வேலைப்பளு என்றோ சோம்பல் என்றோ தள்ளிவிடுகிறோம். உண்மையில் அவர்களுடைய இதயம், பாதிச் சுமையை மட்டுமே ஏற்கும் குருதியை இருமடங்கு விரைவாக ஓட்டிக்கொண்டிருக்கக்கூடும். கருவுற்றிருக்கும் பெண்ணாயின், அவரிடமிருந்து ஆக்சிஜனைப் பெறும் இன்னோர் உயிரும் அச்சிரமத்தில் பங்குகொள்கிறது.

எளிய குருதிப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். கருவுறாத பெண்களுக்கு 12 கிராமும், கருவுற்றோருக்கு 11 கிராமும், ஆண்களுக்கு 13 கிராமும் பொதுவான கீழெல்லையாகக் கொள்ளப்படுகின்றன. இரும்புச்சத்துக் குறைவே பெரும்பாலும் காரணம். இறைச்சி, ஈரல், பருப்பு, கீரை ஆகியவற்றுடன் நெல்லி, எலுமிச்சை, கொய்யா போன்றவற்றைச் சேர்த்துக்கொள்வது நலம். உணவு முடிந்த கையோடு தேநீர் அருந்தும் வழக்கம் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். சிறிது நேரம் தள்ளி அருந்தலாம்.

எல்லாக் குருதிச்சோகையும் இரும்பால் தீர்வதன்று. ஹீமோகுளோபினின் புரத இழைகளை உருவாக்கும் மரபணுவில் குறை இருந்தால் தலசீமியா உண்டாகிறது. பெற்றோர் இருவருமே அக்குறையின் ஓர் அலகைத் தாங்கியவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் ஏற்பட நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவுக்குள் மணம் முடிப்பது மார்க்கத்தில் ஆகுமானதே. ஆயினும் அத்தகைய குடும்பங்களில் ஒரே குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், நிக்காஹ்வுக்கு முன் ஒரு குருதிப் பரிசோதனை செய்துகொள்வது அறிவுடைமை. குறையைத் தாங்கியவர் நோயாளி அல்லர். அறிந்து நடந்துகொள்வதற்கே அப்பரிசோதனை.

எவரும் கண்டிராத துளைகளை, பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் ஏற்க மறுத்தார்கள் இப்னு நஃபீஸ் அவர்கள். ஃபிக்ஹு கற்பித்த அதே அறிஞர் குருதியின் பாதையையும் ஆராயத்தக்க ஒன்றாகக் கருதினார்கள். அவர்களை நம்மவர் என்று பெருமையுடன் கூறிக்கொள்ளும் நாம், நம் வீட்டில் தாயும் மனைவியும் மகளும் 'களைப்பாக இருக்கிறது' என்று சொல்வதைக் கேட்டு, அதன் காரணத்தை ஆராயவும் கடமைப்பட்டிருக்கிறோம். சில துளிக் குருதியில் அதற்கான விடை கிடைத்துவிடுகிறது.